246-லிருந்து 320: தென்னிந்தியாவில் பாறு கழுகுகள் உண்மையிலேயே பெருகியுள்ளனவா?

கேள்வி: தேன்மொழி (கோவை)

வணக்கம். நான் காட்டுயிர் உயிரியல் பயிலும் முதுகலை மாணவி. ஆய்வேட்டுக்காகத் தென்னிந்தியப் பாறு கழுகுகளைப் பற்றிக் கடந்த சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஓர் ஐயம் வலுக்கிறது. களத்தில் பணியாற்றியவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் ஒரே நாட்களில் ஒருங்கிணைந்து நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், 2023 பிப்ரவரியில் 246 பாறுகள் பதிவாயின. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் நடந்த இரண்டாவது கணக்கெடுப்பில் 320 பதிவாயின. அவற்றுள் வெண்முதுகுப் பாறு 217, செம்முகப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47, மஞ்சள்முகப் பாறு 4. எஞ்சிய இரண்டில் ஒன்று இமயமலைப் பகுதியைச் சேர்ந்த பாறு, மற்றொன்று கரும்பாறு.

பத்தே மாதங்களில் 74 பறவைகள் கூடியிருக்கின்றன. அதாவது ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்வு. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவை இவ்வளவு விரைவாகப் பெருக முடியுமா? முடியாதென்றால் இந்த உயர்வை எப்படிப் புரிந்துகொள்வது? என் உடன்பயிலும் நண்பர்கள் சிலர் இதை மீட்சியின் தொடக்கம் என்கிறார்கள். அவர்களது மகிழ்ச்சியை நானும் பகிர்ந்துகொள்ளவே விரும்புகிறேன். ஆனால் ஆய்வேட்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன் அது சரிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணிக்கையைத் தவிர வேறு எதை அளந்தால் இந்தப் பறவைகள் மீள்கின்றனவா என்று சொல்ல முடியும் என்பதையும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: நெடுவானம் (பறவையியல் களஆய்வாளர்)

உங்கள் ஐயம் நியாயமானது. முதலில் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். இது ஒரு மதிப்பீடுதான். இதில் வரும் விகிதங்கள் என் எடுகோள்கள். பிப்ரவரியில் பதிவான 246 பறவைகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 164 பறவைகள், இனப்பெருக்க வயதை எட்டியவை என்று வைத்துக்கொள்வோம். பாறுகள் அந்த வயதை எட்டச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும் என்பதால் இதுவே தாராளமான எடுகோள். அவை அனைத்தும் இணை சேர்ந்து 82 கூடுகள் கட்டின என்றும், அவற்றுள் பாதிக் கூடுகளிலிருந்து குஞ்சுகள் பறந்து வெளியேறின என்றும் கொண்டால், புதிதாகச் சேர்ந்தவை 41. அதே காலத்தில் 20 பறவைகளுக்கு ஒன்று வீதம் இறந்தாலும் 12 குறையும். நிகர உயர்வு 29. ஒரு கூடுகூடத் தவறாமல் 82 கூடுகளிலும் குஞ்சு பிழைத்தது என்று கொண்டாலும் 70-தான் வருகிறது, 74-ஐ எட்டவில்லை. ஆகவே 246-க்கும் 320-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி பிறப்பினால் வந்ததாக இருக்க முடியாது. டிசம்பரில் பார்த்த பறவைகளில் பல பிப்ரவரியிலும் உயிரோடுதான் இருந்திருக்க வேண்டும். அன்று நம் கண்ணில் படவில்லை அல்லது கணக்கெடுத்த பரப்புக்கு வெளியே இருந்தன.

இதை நான் கணக்கெடுப்பின் குறையாகச் சொல்லவில்லை. மூன்று மாநிலங்களும் ஒரே நாட்களில் எண்ணத் தொடங்கியதே பெரிய முன்னேற்றம். முதுமலையில் காலையில் எழும்பும் பாறு நண்பகலுக்குள் பந்திப்பூரின் மேலேயோ வயநாட்டின் மேலேயோ வட்டமிட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாநிலமும் தனக்கு உகந்த மாதத்தில் எண்ணி, பிறகு அந்த எண்களைக் கூட்டினால் ஒரே பறவை மூன்று பட்டியல்களிலும் இடம்பெற்றுவிடும். ஒரே நாளில் எண்ணுவது அந்தச் சிக்கலைக் குறைக்கிறது. ஆனால் முற்றிலும் நீக்குவதில்லை.

நாம் வானத்தில் எண்ணிய எண்ணிக்கை வேறு, காட்டில் உள்ள எண்ணிக்கை வேறு. இரண்டுக்கும் நடுவே நிற்பது பறவை கண்ணில் படும் வாய்ப்பு. கண்காணிப்பு இடங்கள் எத்தனை, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தார்கள், மேகமூட்டம் இருந்ததா, வெப்பக் காற்று எப்போது எழும்பியது, அருகில் இறந்த விலங்கு கிடந்ததா என்பவையெல்லாம் அந்த வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். பருவமும் முக்கியம். டிசம்பரில் வெண்முதுகுப் பாறுகளில் பல முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருக்கும்; இணையில் ஒன்று கூட்டில் அமர்ந்திருக்கும். பிப்ரவரியில் குஞ்சுக்கு இரை கொண்டுவர இரண்டுமே மாறி மாறிப் பறக்கும். இரு மாதங்களின் எண்களை அப்படியே அருகருகே வைத்து ஒப்பிட முடியாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வட இந்தியாவில் நடந்ததை நினைவுபடுத்துவது இங்கே பயன்படும். 1990-களின் தொடக்கத்தில், பாறுகளுக்கு ஆபத்து என்று எவரும் கருதாத காலத்தில், கொன்றுண்ணிப் பறவைகளைப் பொதுவாக ஆராய்வதற்காக மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் சாலை வழியே வண்டியில் சென்று, இருபுறமும் தென்பட்ட பறவைகளை எண்ணினார்கள். அந்தப் பதிவுகள் இருந்ததால்தான் பின்னாளில் அதே சாலைகளில் அதே முறையில் மீண்டும் சென்று, 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு அழிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்த முறையும் எல்லாப் பறவைகளையும் எண்ணிவிடவில்லை. சாலையிலிருந்து தெரியாதவை எல்லாம் விடுபட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாக விடுபட்டதால் போக்கு துல்லியமாகத் தெரிந்தது. நமக்கு இப்போது வேண்டியது அந்த ஒழுங்குதான். ஒரே இடங்கள், ஒரே மாதம், ஒரே கால அளவு. இதைப் பத்தாண்டுகள் விடாமல் செய்தால் 246, 320 என்ற எண்களுக்கு அப்போது பொருள் கிடைக்கும்.

எதை அளக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மிக நம்பகமாகத் தோன்றுவது கூடுகள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் ஆண்டுதோறும் கூடு கட்டுகின்றன. அடைகாக்கத் தொடங்கிய கூடுகள் எத்தனை, அவற்றுள் குஞ்சு பறந்து சென்றவை எத்தனை என்ற விகிதம் ஆண்டுதோறும் கிடைத்தால், இனப்பெருக்கம் நலமாக நடக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்தது வயது. வளர்ந்த வெண்முதுகுப் பாறுக்கு முதுகின் கீழ்ப்புறமும் இறக்கையின் அடிப்புறத்து முன்பகுதியும் வெள்ளையாக இருக்கும். இளம்பறவைக்கு முதுகில் அந்த வெள்ளை இருக்காது, உடல் முழுவதும் கரும்பழுப்பாகத் தெரியும். எண்ணும்போதே வயதையும் குறித்துக்கொண்டால் இளம்பறவைகளின் பங்கு கிடைக்கும். எண்ணிக்கை உயர்ந்தும் இளம்பறவைகள் இல்லையென்றால் நான் மகிழ மாட்டேன்.

எல்லாவற்றிலும் கடினமானது வளர்ந்த பறவைகளின் இறப்பு விகிதம். நீண்ட ஆயுளும் குறைந்த பிறப்பும் உள்ள உயிரினங்களில் ஓரிரு ஆண்டுகள் குஞ்சு பொரிக்காமல் போனாலும் கூட்டம் தாங்கும். ஆனால் வளர்ந்தவை கூடுதலாக நூற்றுக்கு ஐந்து இறந்தாலே கூட்டம் சரியத் தொடங்கும். அதை அறிய, இருப்பிடத்தைத் தெரிவிக்கும் அலைபரப்பி பொருத்திய பறவைகள் வேண்டும், அல்லது இறந்து கிடப்பவற்றை ஒன்றுவிடாமல் உடற்கூறாய்வு செய்ய வேண்டும்.

மறுமொழி 2: கால்நடை மருத்துவர் (ஈரோடு மாவட்டம்)

களஆய்வாளர் ஐயா கூறியதை நான் அப்படியே ஏற்கிறேன். இறப்பைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். அந்த இறப்பின் பெரும்பகுதிக்கு என் தொழிலில் பயன்படும் மருந்துகளே காரணமாக இருந்தன என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி மாட்டுக்குக் கேடு செய்வதில்லை. ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்து, அந்த உடலைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படியும். ஓரிரு நாட்களில் பறவை இறந்துவிடும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் வழியே 2004-இல் இது உலகுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு வெளியான மற்றொரு கணக்கீடுதான் என்னை உலுக்கியது. கால்நடைச் சடலங்களில் 130-க்கு ஒன்று முதல் 760-க்கு ஒன்று வரை நஞ்சாக இருந்தாலே அந்தப் பேரழிவுக்குப் போதும் என்று அது காட்டியது. ஒரு சடலத்தைச் சுற்றி ஐம்பது, நூறு பறவைகள் கூடித் தின்னும் இனம் இது. ஒரு மாடு போதும். பிற்பாடு இந்தியாவில் கால்நடைச் சடலங்களிலிருந்து சேகரித்த 1,800-க்கும் மேற்பட்ட ஈரல் மாதிரிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் அந்த மருந்து இருந்தது.

2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லிலிட்டர் குப்பிகள் மருந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. மாட்டின் எடைக்கு அந்த அளவு மிகவும் வசதியாகவும் இருந்தது. 2015-இல்தான் மனிதர்களுக்கான ஊசிமருந்தை 3 மில்லிலிட்டர் அளவுள்ள ஒருவேளைக் குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. பாறுகளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் பங்குகளில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்குள் வேறு மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்று 2009-இலேயே நிறுவப்பட்டது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. இவ்விரண்டையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை 2023-இல்தான் தடை செய்தார்கள். நிமுசிலைடு 2024 டிசம்பரில் தடை செய்யப்பட்டது. ஃபுளூனிக்சினால் ஸ்பெயினில் ஒரு பாறு இறந்தது பதிவாகியுள்ளது. ஆனாலும் அது இங்கே இன்னும் புழங்குகிறது. ஒவ்வொரு மருந்தும் பறவைக்குக் கேடு என்று மெய்ப்பிக்கப் பல ஆண்டுகள், தடை வரப் பல ஆண்டுகள், அதற்குள் அடுத்த மருந்து. சந்தைக்கு வரும் முன்பே பாறுகளுக்கு அது பாதுகாப்பானதா என்று சோதித்துவிட்டால் இந்தச் சுழற்சி முறியும் என்பது என் உறுதியான கருத்து.

மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி பாறுகளுக்குத் தீங்கற்றது என்று 2006-இல் நிறுவப்பட்டது; டோல்ஃபெனமிக் அமிலமும் பாதுகாப்பானது என்று பின்னர் தெரியவந்தது. மடிநோய்க்கும் காய்ச்சலுக்கும் கால்நொண்டலுக்கும் நான் மெலாக்சிகாமைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். மாடு எழுந்து நிற்கச் சற்றுத் தாமதமாகிறது என்று சில விவசாயிகள் வருந்துவார்கள். காரணத்தை உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். கழுகு வராமல் செத்த மாட்டைப் புதைக்க ஆள்பிடிக்கும் துன்பத்தை அவர்களே நேரில் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே அம்மா, எண்ணிக்கைக்கு இணையாக அளக்க வேண்டியது மருந்துக் கடை. எந்த மருந்து எத்தனை கடைகளில் எந்த அளவுக் குப்பியில் கிடைக்கிறது என்ற பட்டியல், வானத்தில் எண்ணும் எண்ணைவிட முன்கூட்டியே எச்சரிக்கும். நஞ்சு கூடினால் கடையில் அது உடனே தெரியும். பறவைகளின் கணக்கில் தெரிய ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும்.

மறுமொழி 3: சீகூர்ச் சமவெளி (மசினகுடி அருகே வசிப்பவர்)

நான் ஆய்வாளன் அல்லன். கூடு கண்காணிப்பிலும் கணக்கெடுப்பிலும் தன்னார்வலனாகச் சென்றுவருபவன். தரையிலிருந்து பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன்.

கணக்கெடுப்பு நாளில் ஒரு கடமானோ காட்டெருமையோ செத்துக் கிடந்தால், அந்த ஒரே இடத்தில் நாற்பது ஐம்பது பறவைகள் இறங்கிவிடும். அதைச் சுற்றியுள்ள இடங்களில் அமர்ந்திருந்தவர்கள் வெறும் தாளோடு திரும்புவார்கள். அப்படி எதுவும் கிடைக்காத நாளில் பறவைகள் தனித்தனியாக உயரத்தில் பறக்கும். ஓர் இடத்தில் பார்த்ததையே அரைமணி கழித்து அடுத்த இடத்தில் இருப்பவரும் பார்ப்பார். அதனால் நேரத்தையும், பறந்து சென்ற திசையையும் குறிக்கச் சொல்வார்கள். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அந்தத் திசையைத்தான். யானை நின்றுவிட்டால் குறித்த இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேரவும் முடியாது. அந்தத் தாமதத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

கூட்டைக் கண்டுபிடிப்பதற்கு எங்களுக்கு ஒரு வழி உண்டு. பாறு தங்கும் மரத்தின் இலைகளும் அடிமரமும் எச்சத்தால் வெள்ளையடித்ததுபோல் இருக்கும், எதிர்க்கரையிலிருந்தே தெரியும். ஆனால் அருகே போகக் கூடாது. அடைகாக்கும் பறவை எழுந்து பறந்தால் முட்டையோ குஞ்சோ வெயிலில் தனித்துக் கிடக்கும்.

மருத்துவர் ஐயா சொன்ன மருந்தோடு இன்னொரு நஞ்சையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், மனம் கசந்தவர்கள் மீதமுள்ள இறைச்சியில் பூச்சிமருந்து கலந்துவிடும் அபாயம் உண்டு. புலிக்கு வைத்ததைப் பாறுகள் கூட்டமாக வந்து தின்னும். இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வந்தால் அந்தக் கசப்பு பெருமளவு தணிகிறது என்பதை எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். இன்னொன்று: காட்டுக்குள் இயற்கையாக இறந்த விலங்கை நோய் ஐயம் எதுவும் இல்லாதபோது புதைக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும். பட்டி மாட்டின் இறைச்சியைப்போல் காட்டு விலங்கின் இறைச்சியில் மருந்து கலந்திருக்க வாய்ப்பு இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பாறுகள் எஞ்சியிருப்பதற்கு அதுவே காரணம் என்று பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள்.

தேன்மொழி (கோவை)

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. 82 கூடுகளும் பிழைத்தாலும் 70-தான் என்ற கணக்கைப் பார்த்த பிறகு, மீட்சி என்ற சொல்லை என் வரைவிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் "பதிவான எண்ணிக்கை உயர்ந்துள்ளது" என்று மட்டும் எழுதியுள்ளேன்.

ஒரு துணைக் கேள்வி. என் ஆய்வேட்டுக்கு இருப்பது ஆறு மாதங்கள்தான். அலைபரப்பி பொருத்துவதோ, ஈரல் மாதிரிகளைச் சோதிப்பதோ என் வசதிக்கு அப்பாற்பட்டவை. இந்த எல்லைக்குள் பயனுள்ள ஒன்றைச் செய்ய முடியுமா, அல்லது ஏற்கெனவே உள்ள தரவுகளை மறுஆய்வு செய்வதோடு நின்றுவிடலாமா?

நெடுவானம் (பறவையியல் களஆய்வாளர்)

ஆறு மாதம் ஒரு கூடுகட்டும் பருவத்தைப் பெரும்பாலும் உள்ளடக்கிவிடும். காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அது குறைவானதன்று. முட்டை பொரிய ஏறத்தாழ 50 நாட்கள், அதன்பின் குஞ்சு பறக்க மூன்று மாதங்களுக்கு மேல். நவம்பரில் தொடங்கினால் அடைகாக்கும் கூடுகளை அடையாளம் காணலாம்; ஏப்ரலில் அவற்றுள் எத்தனையிலிருந்து இளம்பறவை வெளியேறியது என்று சொல்லலாம். இடைவிட்டுச் செல்வதால், தொடக்கத்திலேயே தோற்றுப்போன கூடுகள் உங்கள் பட்டியலில் இடம்பெறாமல் போகும். அதனால் வெற்றி விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். கூடு எத்தனை நாட்கள் உங்கள் பார்வையில் இருந்ததோ அந்த நாட்களைக் கொண்டு ஒரு நாளில் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் முறை இருக்கிறது. வழிகாட்டும் பேராசிரியரிடம் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

மருத்துவர் சொன்ன கடைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆய்வாளர் என்று அறிமுகம் செய்துகொண்டு கேட்டால் கடைக்காரர் தடை செய்யப்பட்ட மருந்தைக் காட்டமாட்டார். மாட்டுக்கு வலி, ஊசிமருந்து வேண்டும் என்று வாடிக்கையாளரைப்போல் கேட்டுத்தான் இந்தியா முழுவதும் இந்த ஆய்வுகளை நடத்தினார்கள். கல்லூரியின் அறநெறிக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். கடைகளின் பெயர்களை எங்கும் வெளியிடாதீர்கள்.

காட்டுக்குள் செல்வதற்கான அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்; அதற்கே சில மாதங்கள் ஆகலாம்.

சீகூர்ச் சமவெளி (மசினகுடி அருகே வசிப்பவர்)

சகோதரி, அனுமதி கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். எதிர்க்கரையில் எந்தப் பாறையில் அமர்ந்தால் கூடு தெரியும், எந்த நேரத்தில் அங்கே யானை இறங்கும் என்பது எங்கள் ஊர்க் கண்காணிப்பாளர்களுக்குத் தெரியும். வனக் காவலரோடு அவர்களில் ஒருவரும் உடன் வருவார்.